கருப்பையை அகற்றிய பின் உடலில் நேரும் மாற்றங்கள்

ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களில் இரவுக் குளிருக்குக் கம்பளி இன்றியமையாதது. அக்குளிரிலும் ஒரு பெண் உடல் அனலாய்க் கொதிக்க, வியர்த்து விழித்துக்கொள்வதுண்டு. கருப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகள் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நலம்.

கருப்பை கருவைத் தாங்கும் உறுப்பு. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பவை அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகளே. கருப்பையை மட்டும் அகற்றினால் மாதவிடாய் நின்றுவிடும். ஆயினும் சினைப்பைகள் சுரந்துகொண்டிருக்கும். அவை சில ஆண்டுகள் முன்னதாக ஓய்வதும் உண்டு. மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயதுக்கு முன்னரே இரு சினைப்பைகளையும் அகற்றினாலோ, ஈஸ்ட்ரோஜன் திடீரெனக் குறைந்துவிடும். உடற்சூடு, உறக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி, மனச்சோர்வு ஆகியன தோன்றலாம். நாளடைவில் எலும்பு வலுக்குன்றும், இதயநோய்க்கும் இடமேற்படும்.

இவற்றை அறியாமல் அறுவைக்கு இசைவோர் பலர். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்களுள் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தமை 2019-ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் தெரியவந்தது. மாதவிடாய் நாள்களில் கூலி போய்விடுமே என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணம். உழைத்து வாழும் நம் குடும்பங்களுக்கும் இஃதொரு பாடம்.

நோய்க்கு அறுவை தேவையெனில் அஞ்சித் தள்ளிப்போடலாகாது. ஆனால் கையொப்பமிடுமுன், "சினைப்பைகளை விட்டுவைக்க இயலுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். முன்னரே அவற்றை இழந்தவர்கள், ஹார்மோன் மருந்து தமக்கு ஏற்றதா என்பதை அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கேட்டறிவார்களாக. வெட்கப்பட்டு வாளாவிருத்தல் வேண்டா.