நில உபயோக மாற்றம்: அலுவலகம் வந்தால் நம் கல்லாவுக்கு என்ன வரும்?

நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய அரிசி ஆலை, குடோன், தியேட்டர் இவற்றைப் பார்க்கும்போதெல்லாம், "இங்கே நாலு ஆபீஸ் வந்தால் நமக்கும் வியாபாரம் சூடு பிடிக்கும்" என்று பேசிக்கொள்கிறோம். 2024இல் புதுக்கோட்டை நகராட்சி, சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாக உயர்ந்த பிறகு இந்தப் பேச்சு கூடுதலாகவே கேட்கிறது. ஆகவே இம்மாதப் பாடத்தில் நில உபயோக மாற்றம் பற்றிப் பார்ப்போம்.

இதற்கு அடிப்படை ‘தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971’ என்ற சட்டம். அதன்படி தயாராகும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான் என்று நாம் சொல்வது) ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஓர் உபயோகம் குறிக்கப்படுகிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று. தொழில் என்று குறித்த நிலத்தில் பெரிய அலுவலகக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் முதலில் அந்தக் குறிப்பை மாற்ற வேண்டும். உரிமையாளர் மனுச் செய்ய, அது உள்ளாட்சி, நகர் ஊரமைப்புத் துறை ஆகியவற்றின் பரிசீலனைக்குப் போய், கடைசியில் அரசிதழில் வெளியாகும். இடையில் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும். நம்மில் அநேகர் கவனிக்காமல் விடுவது இந்த அறிவிப்பைத்தான்.

அலுவலகம் வந்தால் ஊர் எப்படி மாறும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னர் குடியிருந்த புதிய அரண்மனை ஆட்சியர் அலுவலகமானது. மனுக் கொடுக்க அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் வருகிற கூட்டத்தால் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் பிழைக்கின்றன. ஆனால் மளிகை வாங்குகிறவர் கீழ ராஜவீதிக்கோ தம் வீட்டுப் பக்கக் கடைக்கோதான் போகிறார். அலுவலக வாசலில் யாரும் ஐந்து கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதில்லை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நம் கடைக்கு எதிரே 200 பேர் வேலை செய்யும் அலுவலகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய்க்குச் செலவழித்தால் 4,000 ரூபாய். மாதம் 22 வேலை நாள் என்றால் 88,000 ரூபாய். அதுவும் பெரும்பாலும் டீக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் போகும். அதே நிலத்தில் 50 குடும்பங்கள் குடியேறி, வீட்டுக்கு 6,000 ரூபாய்க்கு மாதச் சாமான் வாங்கினால் 3 லட்சம். சனி, ஞாயிறும் நடக்கிற வியாபாரம் அது. தொகை ஊருக்கு ஊர் மாறலாம், நீங்கள் உங்கள் கடை நோட்டை எடுத்து உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷனரி, பழக்கடை, மெஸ் வைத்திருப்போருக்குக் கணக்கு வேறு மாதிரி வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பம்பாய் பஞ்சாலைப் பகுதியைச் சொல்லலாம். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் இறங்கினர். பல ஆலைகள் பிறகு தலைதூக்கவேயில்லை. 1991இல் வந்த விதி, ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று வகுத்தது. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு என்றார்கள். காலி நிலம் கொஞ்சம்தான், ஆகவே பொதுப் பங்கு சுருங்கிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தமே நிலைத்தது. இன்று லோயர் பரேலில் கண்ணாடி அலுவலகங்களும் மால்களும் நிற்கின்றன. தொழிலாளிக்குச் சம்பளத் தேதி வரை கடன் கொடுத்து வாழ்ந்த மளிகைக்காரருக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போட்ட கானாவள்களுக்கும் அந்த வாடிக்கை போய்விட்டது. விதியில் ஒரு சொல் மாறியதால் வந்த வினை!

கட்டடம் கட்டிவிட்டால் வியாபாரம் வந்துவிடும் என்பதும் சரியல்ல. திருச்சி கள்ளிக்குடியில் 2017இல் வணிக வளாகம் திறந்தும், காந்தி மார்க்கெட் வியாபாரிகளில் பெரும்பாலோர் இடம் மாறவில்லை. கோயம்பேடு வேறு கதை. 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் அங்கே போய் நிலைபெற்றுவிட்டது.

இனி, வாடகைக் கடைக்காரர் அவசியம் அறிய வேண்டியது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். நில உபயோக மாற்றத்தை முன்னிட்டுக் கட்டடத்தை இடிக்கவோ வேறு உபயோகத்துக்கு விடவோ உரிமையாளர் விரும்பினால், காலி செய்யக் கோர அதுவும் ஒரு காரணமாக ஏற்கப்பட்டுள்ளது. "முப்பது வருஷமாக இருக்கிறோம், அண்ணாச்சி அசைக்க மாட்டார்" என்ற வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

ஆகவே உங்கள் கடையும் குடோனும் இருக்கும் சர்வே நம்பர் எந்த உபயோகத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்று உள்ளூர்த் திட்ட அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்து நிலத்துக்கு அறிவிப்பு வந்தால், குறித்த நாளுக்குள் மனு எழுதுங்கள். வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், சரக்கு லாரி நிற்க இடம், தரைத்தளத்தில் சிறு கடைகள், காலி செய்வோருக்குப் புதிய கட்டடத்தில் முன்னுரிமை என்று கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.