மாஸ் டிரான்சிஸ்டர்: மூடியும் மூடாத வாயில்

கைத்தொலைபேசியைத் தொடாமல் வைத்திருந்தாலும் அதன் மின்கலம் மெல்ல இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, சில்லில் கோடிக்கணக்கில் அமைந்துள்ள மாஸ் டிரான்சிஸ்டரின் இயல்பிலேயே இருக்கிறது.

மாஸ் என்பது உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி ஆகிய மூன்று அடுக்குகளைக் குறிக்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அடல்லாவும் டாவோன் காங்கும் 1959ஆம் ஆண்டு இதனை உருவாக்கினர்.

என்-வகை டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். பி-வகைச் சிலிக்கானில் இரண்டு என்-வகைப் பகுதிகள் இருக்கும். ஒன்று மூலம், மற்றொன்று வடிகால். இவற்றின் இடைவெளிக்கு மேல் மெல்லிய மின்கடத்தாப் படலமும், அதன்மேல் வாயிலும் அமையும். வாயிலுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால், அதன் மின்புலம் படலத்தைக் கடந்து எலக்ட்ரான்களை மேற்பரப்புக்கு ஈர்க்கும். தொடக்க மின்னழுத்தம் எனப்படும் அளவைத் தாண்டியதும், மூலத்தையும் வடிகாலையும் இணைக்கும் வாய்க்கால் ஒன்று உருவாகும்.

வடிகால் மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது இது மின்தடையைப் போல இயங்கும். மின்னழுத்தம் கூடும்போது வடிகால் பக்கத்தில் வாய்க்கால் நெரிந்து, மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். இதுவே தெவிட்டிய நிலை. வாய்க்காலை அகலமாக்கினாலும் நீளத்தைக் குறைத்தாலும் மின்னோட்டம் கூடும். சில்லு வடிவமைப்பாளர் கையிலிருக்கும் முக்கியக் கருவிகள் இந்த இரு அளவுகளே.

இனி, சிக்கலுக்கு வருவோம். தொடக்க மின்னழுத்தத்துக்குக் கீழே மின்னோட்டம் சட்டென நின்றுவிடுவதில்லை. சாதாரண அறை வெப்பநிலையில், வாயில் மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் குறையும்போது, மிகச் சிறந்த சாதனத்திலும் கசிவு பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும்.

விநியோக மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு முறை சுற்று நிலைமாறும்போதும் செலவாகும் ஆற்றல் கால்வாசியாகும். ஆனால் வேகம் குறையாமலிருக்கத் தொடக்க மின்னழுத்தத்தையும் இறக்க வேண்டும். அதை 120 மில்லிவோல்ட் இறக்கினால் கசிவு நூறு மடங்கு வரை பெருகும். இயங்கும்போது மிச்சப்படுத்தியதை ஓய்வில் இழக்கிறோம்.

2012ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த சில்லுகளில், வாயில் வாய்க்காலை மூன்று பக்கமும் சூழ்ந்து நின்றது. அதனால் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆயினும் அந்த 60 மில்லிவோல்ட் எல்லை அப்படியே இருக்கிறது. வேகமா, சிக்கனமா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் வடிவமைப்பாளரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பாடநூலில் டிரான்சிஸ்டரை வெறும் சுவிட்சாக வரையும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள்.