மீன் வண்டிக்கு எத்தனை டன் வேண்டும்?

பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்பவர்கள் சரக்கு வண்டி வாங்கப் போகும்போது பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். விலை என்ன? மாதத் தவணை எவ்வளவு? எத்தனை டன் இழுக்கும்? மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் சொல்லும் பதில் எஞ்சினின் பலத்தைப் பற்றியது. வண்டி சாலைக்கு வந்த பிறகு நீங்கள் கட்டப்போகும் வரி, எடுக்கவேண்டிய பெர்மிட், இன்சூரன்ஸ் பிரீமியம், மாட்டினால் விழும் அபராதம் ஆகியவற்றை முடிவுசெய்வது அந்தப் பலம் இல்லை. ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் பதிவாகியிருக்கும் எடைதான் அவற்றை முடிவுசெய்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த எடையைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பல செலவுகளைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களும் கணக்கைச் சரிசெய்துகொள்ள முடியும்.

இரண்டு எடைகள்

ஆர்.சி.யில் இரண்டு எடைகளைப் பார்க்கலாம். ஒன்று அன்லேடன் வெயிட் (சுமை ஏற்றாத வண்டியின் எடை). இன்னொன்று லேடன் வெயிட் (வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்து அதிகபட்சமாக அனுமதிக்கப்பட்ட மொத்த எடை). இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பது நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சட்டப்படி அன்லேடன் வெயிட்டில் டிரைவர், உதவியாளர் எடை சேராது. ஆகவே அவர்களும் உங்கள் சுமைக் கணக்கில்தான் வருகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். லேடன் வெயிட் 2,500 கிலோ, அன்லேடன் வெயிட் 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இது 1,200 கிலோ ஏற்றும் வண்டி. வாங்கிய பிறகு வெப்பம் புகாத பெட்டி ஒன்றைப் பின்னால் பொருத்துகிறீர்கள். அது 300 கிலோ. மீதி 900. டிரைவர், கூட ஓர் ஆள், சரக்குக்கு உரியவர் என மூன்று பேர் ஏறினால் ஏறக்குறைய 200 கிலோ. மீதி 700. இரண்டு கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் கிரேட் இருபது வைத்தால் 40 கிலோ. மீதி 660. மீனும் ஐஸும் சம எடை என்று போட்டால் மீனுக்குக் கிடைப்பது 330 கிலோ மட்டுமே. நல்ல பெட்டியில், மீனுக்குப் பாதி எடை ஐஸ் போதும் என்றால் 440 கிலோ. ‘ஒன்றேகால் டன் வண்டி’ என்று நினைத்து வாங்கியவர் அரை டன் மீன்கூட முறைப்படி ஏற்ற முடியாமல் நிற்பது இப்படித்தான்.

பெட்டி கட்டியதும் லேடன் வெயிட் கூடிவிடாது என்பதை நினைவில் வையுங்கள். அது வண்டி தயாரித்தவர் நிர்ணயித்து, அரசு ஒப்புதல் அளித்த உச்ச வரம்பு. நீங்கள் கூட்டும் ஒவ்வொரு கிலோவும், அது கம்பிச் சட்டமாக இருந்தாலும் தார்ப்பாயாக இருந்தாலும், மீனின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

எந்த எடையில் எந்தச் செலவு மாறும்?

முதலில் சாலை வரி. காருக்கு வரி அதன் விலையைப் பொறுத்தது. சரக்கு வண்டிக்கு அப்படியில்லை. 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் லேடன் வெயிட்டை அடுக்குகளாகப் பிரித்து வரி விதிக்கிறது. எடை ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவினால் வரியும் தாவும். அன்று நீங்கள் பாதி மீன்தான் ஏற்றினீர்கள் என்பது கணக்கில் வராது. விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்க நினைக்கும் ரகத்தின் லேடன் வெயிட்டைக் குறித்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ பரிவாகன் இணையதளத்திலோ அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பெர்மிட். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவின்படி, லேடன் வெயிட் 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது முக்கியமான கோடு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது; ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, சூலூர்ப்பேட்டை. அந்தப் பக்கம் இறால் எடுக்கப் போகிறவர், 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வைத்திருந்தால், ஆந்திராவிலும் செல்லுபடியாகும் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் பிக்கப் வண்டிகளில் சில ரகங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழேயும் சில மேலேயும் இருக்கக்கூடும். பெயரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி (விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான கட்டாயக் காப்பீடு) பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், வாடகைக்கு ஓடும் நான்கு சக்கரச் சரக்கு வண்டி 7,500 கிலோவுக்குள் இருந்தால் 16,049 ரூபாய்; 7,500க்கு மேல் 12,000 வரை 27,186 ரூபாய்; மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோவுக்கு 4,492 ரூபாய். ஒன்றரை டன் லேடன் வெயிட் உள்ள குட்டி வண்டிக்கும் ஏழு டன் வண்டிக்கும் ஒரே பிரீமியம் என்பதைக் கவனியுங்கள். ‘சின்ன வண்டி என்றால் இன்சூரன்ஸும் சின்னது’ என்ற எண்ணம், 7,500 கிலோவுக்குள் தேர்ட் பார்ட்டியைப் பொறுத்தவரை சரியில்லை.

லைசென்ஸிலும் 7,500 கிலோதான் கோடு. எல்.எம்.வி. (இலகு ரக வாகனம்) லைசென்ஸ் உள்ளவர் அந்த எடைக்குட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சுங்கச்சாவடியில், டாடா ஏஸ் போன்ற குட்டி வண்டிகளுக்கான ஃபாஸ்டேக் கார் வகுப்பிலேயே வருகிறது. பொன்னேரியிலிருந்து தச்சூர் போய், நல்லூர் சுங்கச்சாவடி வழியாகச் சென்னைக்குள் நுழைபவர்களுக்கு இதுவும் தினசரிச் செலவில் ஒரு கணக்கு.

கடைசியாக டீசல். பழவேற்காட்டிலிருந்து சென்னைச் சந்தைக்குப் போய்வர நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் என்று கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 8 லிட்டர் போதும். 11 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஏறக்குறைய 11 லிட்டர் வேண்டும். மாதம் 25 நாள் ஓடினால் வித்தியாசம் 72 லிட்டரைத் தாண்டும். சிறிய சரக்கு வண்டிகளின் வரி அடுக்குகளுக்கு இடையிலான வித்தியாசம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. வரிக்குப் பயந்து தேவைக்குச் சிறிய வண்டி வாங்குவதும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய வண்டி வாங்கி வருடம் முழுக்க டீசலுக்குக் கொட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

வண்டி காட்டும் அறிகுறிகள்

எடை மேடைக்குப் போகாமலே, வண்டி வரம்பை மீறுகிறது என்பதைச் சில அறிகுறிகளால் அறியலாம். பின்பக்கம் அமுங்கி, ஸ்பிரிங் பட்டைகள் நேராகிவிடும் அல்லது எதிர்ப்பக்கம் வளையும். விடியற்காலை பொன்னேரி சாலையில் எதிரே வருபவர் உங்களைப் பார்த்து லைட்டை அடித்துக்கொண்டே போனால், பின்பாரத்தால் உங்கள் ஹெட்லைட் மேலே தூக்கியிருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங் வழக்கத்தைவிட இலேசாக இருப்பது முன் சக்கரத்தில் பாரம் குறைந்துவிட்டதைக் காட்டும். டயரின் இரண்டு ஓரமும் சீக்கிரம் தேய்வது, பாலம் ஏறும்போது கிளட்ச் கருகும் நாற்றம், பிரேக் மிதித்த பிறகும் வண்டி தள்ளிப்போவது ஆகியவை அடுத்த கட்ட எச்சரிக்கைகள்.

ஏரிக்கரை வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்றும், கிரேட்டிலிருந்து ஒழுகும் மீன் தண்ணீரும் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டம்) அரிக்கின்றன. துருப்பிடித்த சட்டத்தின் மீது கூடுதல் பாரம் ஏறும்போது விரிசல் முதலில் ஸ்பிரிங் பிடிமானம் உள்ள இடங்களில் தொடங்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்கும்போது இது வெளிப்பட்டால் வெல்டிங் செலவோடு வண்டி ஓடாத நாட்களின் நஷ்டமும் சேரும்.

செய்யக் கூடாதவை

கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் கூடுதலாக ஏற்றலாம் என்பது ஊரில் பரவலாகச் சொல்லப்படும் யோசனை. பட்டை, பின்பக்கம் அமுங்குவதை மறைக்கும். பிரேக், ஆக்சில், டயர் ஆகியவற்றின் திறனைக் கூட்டாது. சட்டப்படியான எடையும் மாறாது. டயரில் காற்றை அளவுக்கு மேல் அடிப்பதும் அப்படியே. நடுப்பகுதி தேய்ந்து, வெயில் நேரத்தில் வெடிக்கும் ஆபத்துதான் மிச்சம். எஃப்.சி. அன்று பெட்டியைக் கழற்றிவைத்து மறுநாள் மாட்டுவதும் வேண்டாம். ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

அதிக பாரத்துக்கான அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதைவிட வலிப்பது அடுத்த விதி: கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. ஜல்லி என்றால் ஓரமாகக் கொட்டிவைக்கலாம். மடவையையும் இறாலையும் வெயிலில் இறக்கிவைத்தால் அன்றைய வியாபாரமே முடிந்தது.

சரக்கோடு ஆட்களை ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ கட்டாயக் காப்பீடு பொருந்தும். வழியில் கைகாட்டி ஏறுபவருக்குப் பொருந்தாது. கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்களை நாலு பேராகப் பின்னால் ஏற்றிச் செல்வது உதவி என்றே தோன்றும். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரர் தலையில் விழக்கூடும். பாதிக்கப்பட்ட குடும்பமும் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

செய்ய வேண்டியவை

வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பெட்டி, முழு டேங்க் டீசல், ஸ்டெப்னி எல்லாவற்றோடும் காலி வண்டியை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். பிறகு, மீன் நிறையப் படும் ஒரு நாளில், சரக்கோடும் ஆட்களோடும் இன்னொரு சீட்டு வாங்குங்கள். முடிந்தால் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித்தனியே நிறுக்கச் சொல்லுங்கள். இரண்டு சீட்டுகளையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டால் நிலைமை தெரிந்துவிடும். எடை சற்றுக் கூடியிருந்தால் பதற்றப்பட்டு வண்டியை விற்கத் தேவையில்லை. பெரும்பாலும் ஐஸ், பெட்டி, ஆள் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

பெட்டி கட்டுவதாக இருந்தால் இரும்புத் தகடு போட்டுப் பாரமாகக் கட்டாமல், நடுவில் பஃப் நுரை அடைத்த இலேசான பெட்டியாகக் கேளுங்கள். கட்டும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் 52ஆம் பிரிவின்படி ஒப்புதல் கேட்டு, கட்டிய பின் ஆர்.சி.யில் பதிவுசெய்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்றுவதற்குச் சற்று முன்பே கொஞ்சம் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிரவைத்தால், பயணத்துக்குத் தேவைப்படும் ஐஸ் குறையும். உருகிய தண்ணீரும் எடைதான். அதைச் சாலையில் ஒழுக விடாமல் ஒரு கேனில் பிடித்து, நிறுத்தும் இடத்தில் அப்புறப்படுத்துங்கள். வீடு திரும்பியதும் சேஸிஸின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஏரித் தண்ணீர் வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள் வண்டியிலிருந்து தொடங்காமல் மீனிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி முதல் தை வரை பாடு நன்றாக இருக்கும் சில நாட்களை வைத்து வண்டியின் அளவை முடிவுசெய்யாதீர்கள். அந்த நாட்களில் கூடுதல் சரக்குக்கு வாடகை வண்டி பேசிக்கொள்வது மலிவு. சாதாரண நாளின் மீன் எடையோடு ஐஸ், கிரேட், பெட்டி, ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள்; அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, அந்தச் சுமைக்குப் பொருந்தும் ரகங்களில் லேடன் வெயிட் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆர்.சி.யில் வரப்போகும் இரண்டு எடைகளையும் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கட்டினால் போதும்.