மனைப்பற்றும் மனைவிற்றலும்

பரிக்கிரக பரிமாண அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், நிலத்தையும் வீட்டையுமே முதற்கண் வைத்தது. பொருளிடத்து எழும் மயக்கமே பரிக்கிரகம் என்பது உமாசுவாமிகள் காட்டிய இலக்கணம். ஆகவே வீட்டை விற்றவரெல்லாம் பற்றற்றவர் ஆகார். வைத்திருப்பவரெல்லாம் பற்றுடையவரும் ஆகார்.

2020 ஊரடங்கில் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகள் நின்றபோது, வீட்டுப் பத்திரத்தை அடகுவைத்துத் தொழிற்கடன் பெற்றோர்க்கு இவ்வினா வாசலிலேயே வந்து நின்றது. தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன். 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் அறிவிப்பு அனுப்பும். அதன்பின் வீட்டைக் கைக்கொண்டு ஏலமிடலாம். ஏலத்தில் விலை நம் கையில் இல்லை. கையில் ஆர்டர் இருப்பின் வங்கியிடம் தவணை மாற்றம் கேட்டுப் பொறுக்கலாம். வெறும் நம்பிக்கைதான் எனில், அறிவிப்பு வருமுன் தாமே விற்றுக் கடனடைத்தல் நன்று. வீட்டின்மேல் கடனே இல்லாதவர், அதனை விற்று நட்டத்தில் ஓடும் பட்டறையில் இடுவதை அடியேன் ஒப்பேன்.

பாகம் பிரியாத மூதாதையர் வீடாயின் மற்றொன்றும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் உரியது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளுக்கும் மகனோடு சமபங்கு. மணமாகிச் சென்றவள்தானே என்று அவள் இசைவின்றி விற்பது, கொடாததைக் கொள்வதாகும். அசௌரிய அணுவிரதம் அங்கேயே குலையும். தரகரிடம் பேசுமுன் அவளிடம் பேசுக.