இடமறிந்து விளக்கிடல்

அகல்விளக்கிற்குப் பகை காற்று. ஆதலின் முன்னோர் சுவரில் மாடக்குழி அமைத்து, அதனுள் விளக்கை ஏற்றி வைத்தனர். மின்விளக்கிற்குக் காற்றினால் அச்சமில்லை. அதற்குப் பகை ஈரம். காற்று அகல்விளக்கை அணைப்பதோடு அமையும். ஈரமோ மின்விளக்கைக் கெடுப்பதோடு அமையாது, அதனைத் தொடுவோர் உயிரையும் கவர வல்லது.

இதன் காரணம் யாது? நாம் வழங்கும் நீரில் உப்புகள் கரைந்துள்ளன. அவை மின்சாரம் பாய வழி செய்கின்றன. விளக்கின் கூட்டினுள் நீர் புகுமாயின், மின்சாரம் அதன் உலோகப் பகுதிக்குப் பரவக்கூடும். உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். நனைந்த தோல் எளிதில் வழிவிடும். குளியலறையில் மின்விபத்து மிகக் கொடிதாவது இதனாலேயே.

ஆகவே, விளக்கு வாங்குவோர் அதன் அழகை ஆராயுமுன் அஃது அமையும் இடத்தை ஆராய்தல் வேண்டும். இதற்குத் துணையாகப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு குறியீட்டை வகுத்துள்ளது. விளக்கின்மேல் ‘ஐ.பி.’ என்னும் எழுத்துகளை அடுத்து இரண்டு எண்கள் காணப்படும். முதலெண், விரலும் தூசும் உட்புகாது காக்கும் திறனை உணர்த்தும். இரண்டாம் எண், நீரைத் தடுக்கும் திறனை உணர்த்தும். இரண்டாம் எண் 0 எனின் காப்பு இல்லை. 4 எனின் எப்பக்கமிருந்து தெறிக்கும் நீரையும், 5 எனின் பீறிட்டுப் பாயும் நீரையும் தாங்கும். 7 எனின் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினும் கெடாது. 8 எனின், செய்தவர் குறித்த ஆழத்தில் தொடர்ந்து மூழ்கியிருக்கும்.

எனவே, உலர்ந்த கூடத்திற்கு 20 என்னும் எண்ணுடைய விளக்குப் போதும். சாரல் அடிக்கும் தாழ்வாரத்திற்கும் குளியலறைக்கும் 44 வேண்டும். மழையில் நனையும் மதிற்சுவருக்கு 65 தக்கது. தடாகத்தினுள் அமைவதற்கு 68 வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலின், துருப்பிடியாப் பொருளாலான கூட்டையே தேர்தல் நலம்.

கூடு எத்துணைச் சிறந்ததாயினும், கம்பி நுழையும் துளையை ரப்பர் வளையத்தால் இறுக மூடாவிடின் அவ்வெண்ணால் பயனில்லை. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு நேர்ந்ததும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் வீட்டில் இருத்தல் வேண்டும். ஈரக்கையால் விளக்கையோ பொத்தானையோ தொடலாகாது.

வள்ளுவர் இடனறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். போர்க்களம் புகும் வேந்தனுக்கு மட்டுமன்று, வீட்டில் விளக்கிடுவோர்க்கும் அவ்வறிவு இன்றியமையாதது.