நிலவில் இறங்க நிலத்தில் பயிற்சி

நுழையும்முன்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது முன்னோர் மொழி. எவருடைய கையும் எட்டாத தொலைவில், முன்பின் அறியாத நிலத்தில், ஒரே ஒருமுறை காலூன்ற வேண்டுமெனில் அதன் ஆழத்தை எங்கே அறிவது? நிலவில் தரையிறங்க முயன்ற நாடுகள் அனைத்தும் இவ்வினாவுக்கு விடை தேடின. இந்தியா கண்ட விடையில் நாமக்கல் மாவட்டத்துப் பாறைக்கும், மகேந்திரகிரி மலையடிவாரத்துக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த அறிவியலாளர் இருவருக்கும் பங்கு உண்டு. அதனை இப்பாடம் விளக்குகிறது.

காற்று வீசும் கணவாயும் காற்றில்லா நிலவும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது, மலைகளின் இடைவெளியில் புகுந்துவரும் காற்றின் விரைவை உணர்வர். முப்பந்தலைச் சுற்றிலும் நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை மின்னாற்றலாக மாற்றுகின்றன. காவல்கிணற்றைத் தாண்டியதும் மேற்கே மகேந்திரகிரி மலை உயர்ந்து நிற்கிறது. அம்மலையின் அடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது.

காற்று மிகுந்த இப்பகுதிக்கும் நிலவில் இறங்கும் கலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. விண்ணிலிருந்து பூமிக்குத் திரும்பும் கலத்தின் விரைவைக் குறைப்பதில் காற்றே முதல் துணை. 1984ஆம் ஆண்டு விண்வெளிக்குச் சென்ற இராகேஷ் சர்மா, வான்குடையின் துணையுடன் இறங்கிய சோயூஸ் கலத்தில்தான் பூமிக்குத் திரும்பினார். நிலவிலோ வான்குடையை விரித்துப் பிடிக்கக் காற்று இல்லை. கலம் செல்லும் திசைக்கு எதிராக உந்துபொறியை இயக்கி, அதன் விசையால் விரைவைத் தணிப்பது ஒன்றே அங்கு வழி. எனவே, நிலவில் இறங்கும் முயற்சியில் உந்துபொறியின் நம்பகத்தன்மையே முதலிடம் பெறுகிறது.

நிலவின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் இறங்கத் தொடங்கும் கலம், வினாடிக்கு 1.68 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் அவ்விரைவு முழுவதும் அடங்கிவிட வேண்டும். நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பூமியிலிருந்து அனுப்பும் வானொலிக் குறிப்பு அங்குச் சென்று திரும்ப இரண்டரை வினாடிக்கு மேலாகும். கலம் தடுமாறுவதைக் கண்டு, இங்கிருந்து கட்டளையிட்டு அதனை நிமிர்த்த அவ்வேளையில் காலம் போதாது. உயரத்தை அளப்பதும், விரைவைக் கணிப்பதும், குழிகளையும் பாறைகளையும் விலக்கிச் செல்வதும் கலத்தின் பொறுப்பே.

குளச்சலிலோ முட்டத்திலோ கட்டுமரம் செலுத்தக் கற்கும் இளைஞர், அலையில் கவிழ்ந்தாலும் நீந்திக் கரையேறி மறுநாள் மீண்டும் அலையை எதிர்கொள்ளலாம். நிலவில் இறங்கும் கலத்துக்கு மறுநாள் என ஒன்று இல்லை. ஆகவே, நிலவையே பூமிக்குக் கொண்டுவர வேண்டிய தேவை எழுந்தது.

மனிதர் பயின்ற முறை

மனிதரை நிலவுக்கு அனுப்ப முனைந்த அமெரிக்கா, 1960களில் இப்பணியை மேற்கொண்டது. அரிசோனா மாநிலத்தின் எரிமலைச் சாம்பல் படிந்த நிலம் ஒன்றில், 1967ஆம் ஆண்டு வெடிமருந்து கொண்டு 47 குழிகள் உண்டாக்கப்பட்டன. நிலவின் ஒரு பகுதியை எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து, அங்குள்ள அமைப்பைப் போலவே அவை உருவாக்கப்பட்டன. விண்வெளி வீரர்கள் அக்குழிகளுக்கிடையே நடந்து, பாறைகளை இனங்காணவும் எடுத்துவரவும் பயின்றனர்.

நடப்பதைவிட இறங்குவது கடினம். நிலவின் ஈர்ப்பு விசை பூமியின் ஈர்ப்பு விசையில் ஆறில் ஒரு பங்கே ஆகும். அந்நிலையைப் பூமியில் உணர்த்த ஒரு பயிற்சி ஊர்தி உருவாக்கப்பட்டது. அதன் நடுவில் நிறுத்தப்பட்ட ஜெட் பொறி, ஊர்தியின் எடையில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கியது. எஞ்சிய ஒரு பங்கை ஓட்டுநர் சிறு உந்துபொறிகளால் கையாண்டு இறங்க வேண்டும். தோற்றத்தால் அதனைப் 'பறக்கும் கட்டில்' என்று அழைத்தனர்.

1968ஆம் ஆண்டு மே 6 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் ஓட்டிய இவ்வூர்தி கட்டுப்பாட்டை இழந்து சாய்ந்தது. இருக்கையுடன் வெளியே வீசப்பட்டு, வான்குடையால் அவர் உயிர் தப்பினார். ஊர்தியோ தரையில் மோதித் தீப்பற்றியது. இவ்வகையில் உருவாக்கப்பட்ட ஐந்து ஊர்திகளில் மூன்று விழுந்து நொறுங்கின. அவற்றை ஓட்டிய மூவரும் பிழைத்தனர். இத்தனை இடருக்குப் பின்னும் பயிற்சி கைவிடப்படவில்லை. 1969 ஜூலை 20 அன்று, இறங்கவேண்டிய இடத்தில் பாறைகள் நிறைந்திருப்பதைக் கண்ட ஆம்ஸ்ட்ராங், கலத்தைத் தம் கையால் செலுத்தி அப்பால் கொண்டுசென்று இறக்கினார். பூமியில் பழகிய கை நிலவில் உதவியது.

நாமக்கல் தந்த நிலவு மண்

இந்தியா அனுப்ப எண்ணிய கலத்தில் மனிதர் எவரும் இல்லை. எனவே, பயிற்சி பெறவேண்டியவை கலத்தின் கால்களும் கண்களும் மூளையும்தாம். கால்கள் என்பன தரையைத் தாங்கும் தாங்கிகள். கண்கள் என்பன உணரிகளும் ஒளிப்படக் கருவிகளும். மூளை என்பது கணினியும் மென்பொருளும்.

கால்களுக்கும், ரோவர் எனப்படும் உலாவியின் சக்கரங்களுக்கும் பயிற்சியளிக்க நிலவு மண் தேவைப்பட்டது. நிலவில் வெண்மையாகத் தோன்றும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்தசைட் என்னும் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்ப் பகுதிகளில் உள்ளது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான அப்பாறையைச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் உள்ளிட்ட வல்லுநர்கள் ஆராய்ந்தனர். பாறை உடைக்கப்பட்டு, நிலவு மண்ணின் துகள் அளவுகளுக்கேற்பப் பொடியாக்கப்பட்டு, பல பத்து டன் அளவில் பெங்களூருக்கு அனுப்பப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியிருந்த மண், காவிரி பாயும் மாவட்டத்திலிருந்தே கிடைத்தது. அதனை உருவாக்கும் முறைக்கு இஸ்ரோ 2020ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றது.

கண்களுக்கான பயிற்சிக்களம் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளக்கெரே அருகே அமைந்தது. அங்கு நிலவின் குழிகளைப் போன்ற பள்ளங்கள் தோண்டப்பட்டன. தரையிறங்கு கலத்தின் உணரிகளைச் சுமந்த வானூர்தி அவற்றின் மேல் பறந்தது. பள்ளம் எது, சமநிலம் எது எனப் பிரித்தறிய உணரிகள் அங்கே பழகின.

மகேந்திரகிரியில் நடந்த ஆய்வுகள் கண்ணையும் மூளையையும் உந்துபொறியுடன் இணைத்துப் பார்த்தன. நிலவின் குறைந்த ஈர்ப்புக்கு ஏற்ப எடை குறைக்கப்பட்ட மாதிரிக் கலம் ஒன்று பாரந்தூக்கியில் தொங்கவிடப்பட்டது. உணரி அளந்ததைக் கணினி கணித்து, கணினி கணித்தபடி பொறி இயங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது.

2019 செப்டம்பர் 7

சந்திரயான்-2 விண்கலம் 2019 ஜூலை 22 அன்று புறப்பட்டது. அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கை. சிவன். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர் அவர். செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் என்னும் தரையிறங்கு கலம் நிலவை நோக்கி இறங்கியது. நிலவுப் பரப்பை நெருங்கிய வேளையில் தொடர்பு அறுந்தது. கலம் நிலவின் மீது மோதி உடைந்தது. பல்லாண்டு உழைப்பு சில நிமிடங்களில் சிதைந்ததைக் கண்டு நாடே கலங்கியது.

தோல்விக்குக் காரணம் காண அமைக்கப்பட்ட தேசிய வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வி. நாராயணன். அவரும் கன்னியாகுமரி மாவட்டத்தினர்; மேலகாட்டுவிளை அவரது ஊர். திரவ உந்துவிசை அமைப்பு மையத்தின் இயக்குநராக அப்போது பணியாற்றிய அவர், 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

ஆய்வில் தெளிவான உண்மைகள் சில வெளிப்பட்டன. கலத்தின் ஐந்து பொறிகளும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியான விசையைத் தந்தன. அதனால் ஏற்பட்ட சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. நிலவைப் படமெடுப்பதற்காகக் கலம் அசையாதிருக்க வேண்டிய கட்டத்தில் அப்பிழைகளைத் திருத்த இயலவில்லை. பின்னர்த் திருத்த முயன்றபோது கலம் மிக விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளோ அவ்விரைவுக்கு வரம்பு விதித்திருந்தது. இறங்குவதற்குக் குறிக்கப்பட்ட இடமும் 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டதாக இருந்தது. பொறி நின்றதால் வந்த வீழ்ச்சியன்று அது. எதிர்பாராத நிலைக்குக் கலம் பழக்கப்படாமையால் வந்த வீழ்ச்சி.

தோல்வியைப் பாடமாக்கிய வடிவமைப்பு

அடுத்த முயற்சிக்கான அணுகுமுறை இதனால் மாறியது. 'எவ்வாறு வெற்றி பெறலாம்?' என்பதற்கு முன், 'எவையெல்லாம் தவறக்கூடும்?' என்று கேட்டனர். ஒவ்வொரு தவற்றையும் பூமியிலேயே நிகழச் செய்து, அதனைத் தாங்கும் வகையில் கலத்தை வடிவமைத்தனர். பொறிகள் ஐந்திலிருந்து நான்காயின. எரிபொருள் கூட்டப்பட்டது. வினாடிக்கு 2 மீட்டர் விரைவில் மோதுவதைத் தாங்கிய கால்கள், 3 மீட்டர் விரைவையும் தாங்குமாறு வலுப்பெற்றன. விரைவை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்க்கப்பட்டது. இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் கொண்டதாக விரிந்தது.

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்றவர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். கலத்துக்கு மூன்று பெரும் தேர்வுகள் நடத்தப்பட்டன. உணரிகளையும் வழிகாட்டு அமைப்பையும் உலங்கூர்தியில் ஏற்றிப் பறக்கவிட்டது முதல் தேர்வு. கோபுரப் பாரந்தூக்கியில் கலத்தைத் தொங்கவிட்டு, பொறிகளையும் உணரிகளையும் ஒருங்கே இயக்கியது இரண்டாம் தேர்வு. செயற்கை நிலவு மண்ணின் மேல் வெவ்வேறு நிலைகளில் கால்களை இறக்கிப் பார்த்தது மூன்றாம் தேர்வு.

2023 ஜூலை 14 அன்று, மகேந்திரகிரியில் சோதித்துத் தேர்ந்த பொறி வகைகளைக் கொண்ட எல்விஎம்-3 ஏவூர்தி சந்திரயான்-3ஐச் சுமந்து எழுந்தது. ஆகஸ்ட் 19 அன்று இரஷ்யாவின் லூனா-25 கலம் நிலவில் மோதி நொறுங்கியது. நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 23 மாலை, விக்ரம் இறங்கத் தொடங்கியது. 150 மீட்டர் உயரத்தில் சற்றே நின்று, கீழுள்ள நிலத்தை நோக்கி, தடையில்லா இடத்தைத் தேர்ந்தது. மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்முனைப் பகுதியில் கால் ஊன்றியது. நிலவில் மென்மையாக இறங்கிய நான்காவது நாடு என்னும் பெருமையையும், தென்முனையை ஒட்டிய பகுதியில் முதலில் இறங்கிய நாடு என்னும் பெருமையையும் இந்தியா பெற்றது.

பணி முடிந்தபின் செப்டம்பர் 3 அன்று விக்ரம் தன் பொறிகளை மீண்டும் இயக்கி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர எழும்பி, சற்றுத் தள்ளி மீண்டும் இறங்கியது. நிலவிலிருந்து ஒருநாள் மனிதர் திரும்பி வருவதற்கான சிறு ஒத்திகை அது. 2040ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்குவது நாட்டின் இலக்காக அறிவிக்கப்பட்டுள்ளது. அதற்கு முற்படியான ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வருள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

தேர்வில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணை மறைத்துவைப்பவர், தவறிய இடத்தை அறியும் வாய்ப்பையும் இழக்கிறார். விடைத்தாளை எடுத்து, தவறிய வினாவை மீண்டும் எழுதிப் பார்ப்பவரே அடுத்த தேர்வுக்குத் தகுதி பெறுகிறார். 2019இல் உடைந்த கலத்தின் பிழைகளை மறைக்காமல் எண்ணிப் பார்த்தவர்களே 2023இல் நிலவைத் தொட்டனர். நிலத்தில் பிழைக்க இடம் கொடுத்ததால், நிலவில் பிழை நேரவில்லை.

தெரிந்து தெளிவோம்

நிலவில் கால் பதித்த உலாவியான பிரக்யானின் நிறை 26 கிலோகிராம். நிறை எங்கும் மாறாது. எடை ஈர்ப்பு விசைக்கேற்ப மாறும். ஆகவே, நிலவில் அவ்வுலாவியின் எடை, பூமியில் அதற்குள்ள எடையில் ஆறில் ஒரு பங்காகவே இருந்தது. நிலவில் இறங்கிய நாளான ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் காணப்படும் பாறை, மண் வகைகளைத் திரட்டி, அவற்றின் பயன்களைக் குறிப்புடன் காட்சிப்படுத்துக.
2. 'எவையெல்லாம் தவறக்கூடும்?' என்னும் வினாவை முன்வைத்து, பள்ளி ஆண்டு விழாவுக்கான முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைக் குழுவாக உருவாக்குக.
3. மனிதர் செலுத்தும் கலம், தானே இயங்கும் கலம் ஆகிய இரண்டனுள் நிலவில் இறங்க ஏற்றது எது என்பது குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.