ஆயுத அட்டை சொல்லித்தரும் கணக்கு

வாழ்க்கைக் கணக்குகளில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கூட்டல், பெருக்கலில் அல்ல. நிபந்தனைகளை முழுமையாகப் படிப்பதிலும், எந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுவது என்று முடிவு செய்வதிலும்தான். அதே மாணவர்கள் அட்டை விளையாட்டில் ஒரு சொல்லைக்கூட விடாமல் படிக்கிறார்கள். விட்டால் தோற்றுப்போவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கவனத்தைக் கணக்குப் பாடவேளைக்குள் கொண்டுவர நான் பயன்படுத்தும் ஒரு வழியை இங்கே பகிர்கிறேன்.

எடுத்துக்கொண்ட விளையாட்டு

1993இல் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ உலகெங்கும் விளையாடப்படும் கற்பனைப் போர் அட்டை விளையாட்டு. இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

வகுப்புக்குத் தேவையான விதிகள் சிலவே. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். அட்டையை இறக்க ‘மானா’ என்னும் ஆற்றலைச் செலவிட வேண்டும். வீரர் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது தாக்குவலிமை, இரண்டாவது தாங்குவலிமை. புதிதாக இறங்கிய வீரர் அந்த முறையில் தாக்க முடியாது. 2003இல் ஆயுத அட்டைகள் அறிமுகமாயின. ஆயுதத்துக்கு இரண்டு செலவுகள்: களத்தில் இறக்க ஒன்று, வீரரிடம் கொடுக்க ஒன்று. வீரர் வீழ்ந்தாலும் ஆயுதம் களத்திலேயே கிடக்கும். மீண்டும் செலவு செய்து வேறொரு வீரரிடம் கொடுக்கலாம்.

செயல்பாடு 1: கோவையாக எழுதுதல் (வகுப்பு 6, 7)

‘போன்ஸ்பிளிட்டர்’ என்னும் ஆயுதத்தை வகுப்பில் ‘கோடரி’ என்கிறோம். இறக்க 1 மானா, கொடுக்க 1 மானா, தாக்குவலிமை 2 கூடும். ‘லாக்ஸோடன் வார்ஹேமர்’ எங்களுக்குச் ‘சுத்தியல்’. இறக்க 3, கொடுக்க 3, தாக்குவலிமை 3 கூடும். வேறு சில சிறப்புகளும் அதற்கு உண்டு.

ஆயுதத்தை k முறை கைமாற்றினால் மொத்தச் செலவு என்ன? கோடரிக்கு 1 + k, சுத்தியலுக்கு 3 + 3k. மூன்று முறை கைமாற்றினால் கோடரிக்கு 4 மானா, சுத்தியலுக்கு 12 மானா. அட்டையில் பெரிய எண் இருப்பதாலேயே அது சிறந்த ஆயுதம் ஆகிவிடாது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். மாறி, மாறிலி என்ற சொற்களை இதற்குப் பிறகு அறிமுகப்படுத்தினால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

செயல்பாடு 2: இரு வழிகளை ஒப்பிடுதல் (வகுப்பு 8, 9)

களத்தில் தாக்கத் தயாராக 1/1 வீரர் ஒருவர் இருக்கிறார். கையில் 2 மானா. கோடரியை இறக்கி அவரிடம் கொடுக்கலாம். அல்லது 2 மானாவுக்கு 2/2 வீரர் ஒருவரை இறக்கலாம். எது நல்லது? எதிராளி தடுக்கவில்லை என்றும், வேறு அட்டை எதுவும் இறங்கவில்லை என்றும் முதலில் வைத்துக்கொள்வோம்.

கோடரி வழியில் முறைக்கு 3 புள்ளிகள்: 3, 6, 9, 12. வீரர் வழியில் முதல் முறையில் 1 மட்டுமே; பிறகு முறைக்கு 3: 1, 4, 7, 10. அதாவது 3n, 3n − 2. வரைபடத்தாளில் குறித்தால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். 20 புள்ளிகளை முடிக்கக் கோடரிக்கு 7 முறை, வீரருக்கு 8 முறை. வகுப்பு முழுவதும் கோடரிக்கே வாக்களிக்கும்.

இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாது. என் எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடவேளையில் வாய் திறக்கவே தயங்கும் மாணவி ஒருத்தி, அந்த ஒற்றை வீரர் வீழ்ந்துவிட்டால் கோடரியை யார் பிடிப்பார் என்று கேட்டாள். பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

இரண்டாம் முறைக்குப் பின் 1/1 வீரர் வீழ்ந்தால், கோடரி வழி 6 புள்ளியோடு நின்றுவிடும். வீரர் வழியோ முறைக்கு 2 வீதம் தொடரும். மூன்றாம் முறையில் இரண்டும் 6. நான்காவதில் வீரர் வழி 8 புள்ளியோடு முந்திவிடும். மூன்றாம் முறையில் இரு பக்கமும் புதிய 1/1 வீரர் ஒருவர் இறங்கினால்? நான்காம் முறையில் இரண்டும் 9 புள்ளி. ஆனால் கோடரியைக் கைமாற்ற 1 மானா கூடுதலாகச் செலவாகியிருக்கும். நிபந்தனை மாறினால் விடை மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறு கணக்கில் காட்டியதில்லை.

இதிலிருந்து மாணவர்கள் தாங்களே தொகுக்கும் முடிவுகள்: பிடிக்க ஆளிருக்கும்போது ஆயுதத்தை இறக்கு, எதிராளியால் எளிதில் தடுக்க முடியாத வீரரிடம் கொடு, எதிராளி மானாவைச் செலவிடாமல் வைத்திருந்தால் யோசி, ஏனெனில் கொடுக்கும் நேரத்திலேயே வீரரை வீழ்த்திவிட்டால் அந்தச் செலவு வீண், ஆயுதங்களைவிட வீரர்கள் அதிகம் இருக்கட்டும்.

செயல்பாடு 3: குறைக்குறியின் வலிமை (வகுப்பு 7)

‘ஸ்கல்கிளாம்ப்’ என்னும் ஆயுதம் 2004இல் வந்தது. இறக்க 1, கொடுக்க 1. தாக்குவலிமை +1, தாங்குவலிமை −1. அதைப் பிடித்திருக்கும் வீரர் வீழ்ந்தால் இரண்டு புதிய அட்டைகள் எடுக்கலாம். −1ஐப் பார்த்ததும் மாணவர்கள் இது மோசமான ஆயுதம் என்பார்கள். 1/1 வீரரிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 1 + (−1) = 0. தாங்குவலிமை சுழியானதும் வீரர் வீழ்வார். இரண்டு அட்டைகள் கைக்கு வரும். ஒரு மானாவுக்கு ஒரு சிறிய வீரர் இரண்டு அட்டைகளாகிறார். வந்த ஆண்டு ஜூன் மாதமே ‘ஸ்டாண்டர்ட்’ வகைப் போட்டிகளில் இந்த அட்டை தடைசெய்யப்பட்டது. குறைக்குறி என்றால் இழப்பு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

செயல்பாடு 4: நிகழ்தகவு (வகுப்பு 9, 10)

60 அட்டைக் கட்டில் ஒரே ஆயுதத்தை 4 வரை வைக்கலாம். முதலில் எடுக்கும் 7 அட்டைகளில் ஒன்றாவது அந்த ஆயுதமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 60 சீட்டுகளில் 4ஐக் குறியிட்டு, குழுவுக்குப் பத்து முறை எடுக்கச் சொல்லி முடிவுகளைத் தொகுக்கவும். பிறகு ஒன்றும் வராமல் இருப்பதற்கான நிகழ்தகவை 56/60, 55/59 என ஏழு பின்னங்களின் பெருக்கலாகக் கண்டு 1இலிருந்து கழித்தால் ஏறக்குறைய 0.40 கிடைக்கும். சோதனை முடிவும் இதுவும் எவ்வளவு நெருங்குகின்றன என்று விவாதிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

பெற்றோர் ஒருவர், ‘பள்ளிக்கூடத்தில் சீட்டாடச் சொல்லித் தருகிறீர்களா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து, வரைபடத்தையும் அதன் கீழே எழுதியிருந்த காரணத்தையும் காட்டினேன். தொடங்கும் முன்பே தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் விளக்கிவிடுவது நல்லது.

கடையில் விற்கும் அட்டைப் பொட்டலங்களை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். உள்ளே என்ன அட்டை இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பொட்டலங்கள் அவை. வாங்க முடியாத பிள்ளை ஒதுங்கி நிற்க நேரும். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி மாணவர்களே அட்டை செய்தால் செலவில்லை, எல்லார் கையிலும் ஒரே அட்டைகள் இருக்கும். பணயம் கூடாது, அட்டையை வென்று எடுத்துக்கொள்வதும் கூடாது. தொடக்க வகுப்புகளில் 20இலிருந்து தொடர்ந்து கழிக்கும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதிப்பீடு

வென்றவருக்கு மதிப்பெண் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு வரிகள் எழுத வேண்டும்: என்ன செய்தேன், செய்யாமல் விட்ட வழி எது, ஏன்? தோற்ற மாணவர் எழுதிய காரணம் சரியாக இருந்தால் அவருக்கு முழு மதிப்பெண். அடுத்த வாரம் அதே கேள்விகளை வட்டிக் கணக்கிலும் தள்ளுபடிக் கணக்கிலும் கேளுங்கள். ஒரு கடையில் பத்து விழுக்காடு தள்ளுபடி, இன்னொரு கடையில் பேருந்துக் கட்டணம் மிச்சம் என்று கொடுத்தால், மாணவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் மொத்தச் செலவை எழுதத் தொடங்குவார்கள். அப்போது அட்டைகளைப் பெட்டியில் வைத்துவிடலாம்.